இலவச வைத்தியத்தின் விலை

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் நோயாளியிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை. டாக்டர் பார்க்கிறார்; கட்டில் கிடைக்கிறது; சத்திரசிகிச்சையும் நடைபெறுகிறது. ஆயினும் சில வேளைகளில், 'இம்மருந்து இங்கில்லை, வெளியில் வாங்குங்கள்' என்று ஒரு துண்டு நம் கைக்கு வருகிறது. அரசாங்கத்தின் கணக்கில் குறைந்த தொகை, அத்துண்டின் வழியே நம் வீட்டுக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இவ்வாஸ்பத்திரி 1850-ஆம் ஆண்டில், அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் முயற்சியால், தருமப் பணத்தைக் கொண்டு எழுந்தது. 1907-இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. 1931-இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934, 1935-ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் கவர்ந்தது. வாக்குப் பெற்ற மக்கள் வைத்தியம் வேண்டுமென்று கேட்டபோது, பிரதிநிதிகளால் அதனைத் தட்டிக்கழிக்க இயலவில்லை. இவ்வாறு, இரக்கத்தால் கிடைத்த வைத்தியம் உரிமையாயிற்று.

'இலவசமென்றால் வீண்செலவு பெருகும்' என்பார் உளர். 1971-இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. 1977-இல் அது நீக்கப்பட்டது. செலவைக் குறைக்க அதனினும் மேலான வழியை அதே 1971-இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் காட்டிற்று. அதன் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுவதை அவர் கண்டார். தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்து, அவற்றின் பொதுப் பெயரால் உலகெங்கும் விலை கேட்டு, மொத்தமாகக் கொள்வனவு செய்தால் விலை இறங்கும் என்பதே அவர் கொள்கை. அவ்வாறே பல மருந்துகளின் விலை இறங்கிற்று. நோயாளியின் மடியில் கைவையாமலே சிக்கனம் செய்யலாம் என்பது இதனால் விளங்குகின்றதன்றோ?

ஆனால் சிக்கனம் வேறு, பற்றாக்குறை வேறு. நமது மருந்துகளிற் பெரும்பகுதி பிறநாடுகளிலிருந்தே வருகிறது. 2022-இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது ஆஸ்பத்திரிகளில் மருந்து அருகியது; சில இடங்களில் சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டன. அப்போதும் கட்டணம் அறவிடப்படவில்லை, சட்டமும் மாறவில்லை. எனினும் நீரிழிவு, இருதயநோய் முதலியவற்றுக்கு நாடோறும் மருந்துண்போர், இருந்தால் பணத்தையும் இல்லையேல் நகையையும் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குச் செல்லவேண்டியதாயிற்று. சாதாரண ஆண்டுகளிலுங்கூட நாட்டின் மருத்துவச் செலவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் குடும்பங்களே கைப்பணமாகக் கொடுக்கின்றன.

ஆகவே, வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் அரிசி, சீனி விலைகளோடு நின்றுவிடாமல், சுகாதாரத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, அதில் மருந்துக்கு எவ்வளவு, அது எவ்வாறு வாங்கப்படுகிறது என்பவற்றையும் நாம் கேட்டறிதல் வேண்டும். மாணவர்கள் இக்கணக்கைப் பெற்றோருடன் இருந்து படித்துப் பார்ப்பாராக. அங்கே குறைக்கப்படும் ஒவ்வொரு ரூபாவையும் நோயுற்ற ஒருவர் எங்கோ ஒரு மருந்துக்கடையில் எண்ணிக்கொடுக்க நேரும்.