எளிதில் புலப்படல் (காப்புரிமைச் சட்டம்)

எளிதில் புலப்படல் என்பது, ஒரு புதிய பொருளோ செய்முறையோ அத்துறையில் தேர்ச்சி பெற்ற சாதாரண வல்லுநருக்குத் தானாகவே தோன்றக்கூடியதாக இருப்பதைக் குறிக்கும். அத்தகையவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. தவறி வழங்கப்பட்டிருந்தாலும், இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இன் 64-ஆம் பிரிவின்படி அதை நீக்கலாம்.

அறுவை மருத்துவக் கருவிகளின் கைப்பிடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அறுவை செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற முடியாது (பிரிவு 3(ஐ)), கருவிக்குப் பெறலாம். ஆனால் விரல் வளையம், துப்பாக்கிப் பிடி, ராட்செட் பூட்டு ஆகிய யாவும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. இவற்றை ஒன்றாகப் பொருத்தும்போது ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்தனியாகச் செய்தால், அது பிரிவு 3(எஃப்) கூறும் வெறும் அடுக்கிவைப்பே. பாகங்கள் ஒன்றோடொன்று இயைந்து, மருத்துவரின் பெருவிரல் வலியை எவரும் எதிர்பாராத வகையில் குறைத்தால் நிலைமை வேறு. காப்புரிமை கிடைத்தால், விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குப் பிறர் அனுமதியின்றி அதைச் செய்ய இயலாது. மறுக்கப்பட்டால் மறுநாளே எவரும் அதைப் பார்த்துச் செய்யலாம்.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டும் தீர்ப்பு அறுவைக் கருவியைப் பற்றியதன்று, பாத்திரத்தைப் பற்றியது. கடைசல் எந்திரத்தில் மெருகேற்றும்போது பாத்திரம் நழுவிப் பறந்து தொழிலாளரைக் காயப்படுத்தும் அபாயம் இருந்தது. அதை இறுகப் பிடிக்கும் அமைப்புக்கு 1951-இல் விண்ணப்பித்து, மிர்சாப்பூரின் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் காப்புரிமை பெற்றிருந்தது. விஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற போட்டி நிறுவனம் அதை எதிர்த்தது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை நீக்கினார். இரு நீதிபதிகள் அமர்வு மீட்டளித்தது. உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பர் 13 அன்று மீண்டும் நீக்கியது. பழைய எந்திரத்தில் செய்த சிறு மாற்றம், பட்டறையில் எவரும் செய்யும் திருத்தமே என்பது அதன் முடிவு. பயன் இருந்தது உண்மைதான். ஆயினும் பயன் மட்டும் போதாது.

இதன் மறுபக்கம் பின்னோக்கிப் பார்க்கும் பிழையாகும். விடையைக் கண்டபின் எந்தக் கைப்பிடியும் எளிதாகவே தோன்றும். ஆகவே பின்னோக்கிப் பார்க்கும் அணுகுமுறையை விலக்கியே ஆராய வேண்டும் என்று ரோச் - சிப்லா வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2015-இல் கூறியது. சொல்வது எளிது, எதிரே கருவி கிடக்கும்போது பின்பற்றுவது கடினம்.

கைப்பிடியின் தோற்றத்தை மட்டும் காக்க விரும்புவோர் வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ்ப் பதியலாம். அது முதலில் 10 ஆண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கும் செல்லும். இயங்கும் விதத்தை அது காக்காது.