பென்சில் சித்திரம் – 9: சாம்பல் பூத்த காகிதம்

சென்ற வாரம் 2பி, 4பி, 6பி முதலிய மிருதுவான பென்சில்களால் நிழலைப் படிப்படியாக ஏற்றும் விதத்தை விவரித்தோம். அவ்விதம் சிரத்தையுடன் தீட்டி முடித்த சித்திரத்தைக் கைபேசியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றியதும், வெண்மையான காகிதம் சாம்பல் பூத்தும், கருமையெல்லாம் வெளிறியும் தோன்றுவதைக் கண்டு மனம் சோர்ந்த அன்பர்கள் பலர் உண்டு. சித்திரத்திலே தோஷமில்லை, அதைப் பிடித்த யந்திரத்தின் ஸ்வபாவம் அத்தகையது. தன் முன் எந்தக் காட்சி இருந்தாலும் அதன் சராசரிப் பிரகாசம் நடுத்தரச் சாம்பல்தான் என்று காமிரா அனுமானித்துக்கொள்வதால், முக்கால் பங்கு வெறுமையாக உள்ள காகிதத்தை மிகை வெளிச்சமென்று கருதி மங்கச் செய்துவிடுகிறது. படமெடுக்கும்போதே வெளிச்ச அளவைச் சற்று உயர்த்திக்கொள்வது உத்தமம்.

கருமை வெளிறுவதற்குக் காரணம் வேறு; அது பென்சிலின் பொருளிலேயே இருக்கிறது. 1795-ஆம் ஆண்டில், இங்கிலாந்துடன் மூண்ட யுத்தத்தால் நல்ல கிராஃபைட் கிடைக்காமல் பிரான்ஸ் தவித்த காலத்தில், நிக்கொலா ழாக் கோந்தே என்பவர் கிராஃபைட் பொடியோடு களிமண் கலந்து சுட்டுப் பென்சில் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் கடினமும், கிராஃபைட் மிகுந்தால் மிருதுவும் கருமையும் உண்டாகும். ஆனால் அந்தக் கிராஃபைட்டோ மீன் செதில்களைப் போன்ற தகடுகளாலானது. 6பி பென்சிலை அழுத்தித் தேய்த்த இடத்தில் அத்தகடுகள் ஒருமுகமாகப் படிந்து ஒளியைத் திருப்பியனுப்புவதால், எது மிக இருண்டிருக்க வேண்டுமோ அதுவே பளபளக்கிறது. பிளாஷ் விளக்கை மறந்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னலோரத்தில், ஒளி பக்கவாட்டில் சாய்ந்து வர, காமிராவைக் காகிதத்துக்குச் சமதளமாகப் பிடிக்க வேண்டும். ஸ்கேனர் இருந்தால் 300 டிபிஐ போதும். ஆனால் அதன் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுவது அவசியம், இல்லையேல் 2ஹெச் பென்சிலின் மெல்லிய கோடுகளை அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடும். ஓரங்களில் விரல் பதிந்த கறைகளை முன்னதாகவே பிசையும் ரப்பரால் ஒற்றி எடுத்துவிடலாம்.

பிறகுதான் கணினியின் வேலை. கான்ட்ராஸ்டை ஒரேயடியாக ஏற்றிவிடும் வழக்கம் எனக்குச் சம்மதமன்று. இடைநிழல்களின் சூக்ஷ்மம் அதிலேதான் மடிகிறது. லெவல்ஸ் என்னும் கருவியில் 0 என்னும் கருமை முதல் 255 என்னும் வெண்மை வரை விரியும் வரைபடத்தின் வலக்கோடியிலுள்ள வெண்மைக் குமிழைக் காகிதத்தைக் குறிக்கும் மேட்டின் வலப்புற அடிவாரத்துக்கும், இடக்கோடியிலுள்ள கருமைக் குமிழை முதல் நிழல் எழும் இடத்துக்கும் நகர்த்தினாலே சித்திரம் பெரும்பாலும் தெளிந்துவிடும். காகிதத்தை முற்றிலும் 255 ஆக்கிவிட வேண்டுமென்று ஆசைப்படுவோர், அதன் சொரசொரப்போடு மெல்லிய கோடுகளையும் இழக்கிறார்கள். சிலருக்கு அந்த அப்பழுக்கற்ற வெண்மைதான் லட்சணமாகப் படுகிறது, என் செய்வது! இணையதளங்கள் பெரிய படத்தைத் தாமாகவே சுருக்கும்போது நெருக்கமான கோடுகள் குழம்பிப் போவதுண்டாதலால், அளவை நாமே குறைத்து, கூர்மையூட்டும் காரியத்தை அதற்குப் பின்னரே செய்து, ஒரு முறை மட்டும் ஜேபெக்காகச் சேமிப்பது நல்லது.

(தொடரும்)