மறைந்திருக்கும் மணற்கரைகள்



சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் பினாங்கு சென்றோம். ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைக் கண்டபின், பேருந்தேறித் தீவின் வடமேற்கு மூலையிலுள்ள தெலுக் பாஹாங்கை அடைந்தோம். அங்குதான் 2003 ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற பினாங்குத் தேசியப் பூங்கா உள்ளது. மிதவைச் சட்டை அணிந்து மோட்டார்ப் படகில் அமர்ந்தோம்.

படகு கரையோரமாகச் சென்றது. வழிநெடுகப் பெரும் பாறைகள். அவற்றின்மேல் அடர்ந்த காடு. இக்கரை இவ்வாறு கரடுமுரடானது ஏன்? இது கருங்கல் மலை. தோட்டத்தில் மழைநீர் மண்ணை அரித்துக் கானில் சேர்ப்பதை நாம் அறிவோம். இங்கும் அவ்வாறே மழை கல்லின் வெடிப்புகளில் இறங்கி விளிம்புகளைத் தேய்க்கிறது. அலை மண்ணைக் கொண்டுபோகிறது. உருண்ட பாறைகள் எஞ்சுகின்றன. அலையின் வேகம் தணியும் குடாக்களில் மணல் தங்குகிறது. தெலுக் டூயோங், பந்தாய் கெராச்சுட் ஆகிய கடற்கரைகள் அவ்வாறு அமைந்தவையே. இடையிலுள்ள முனையின் உச்சியில் 1883 இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது.

கெராச்சுட்டுக்கு வண்டிச் சாலை இல்லை. படகிலோ காட்டுவழி நடந்தோதான் செல்லவேண்டும். இத்தனிமையே அதன் செல்வம். பச்சைக் கடலாமையாகிய பேராமை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலும், பங்குனி ஆமை செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. பேராமை ஒருமுறை ஏறத்தாழ நூறு முட்டையிடும். மணலின் சூட்டில் இரு திங்களளவில் குஞ்சு பொரியும். மணல் மிகச் சூடானால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும். குஞ்சுகள் ஒளியை நோக்கி ஓடுபவை. இருண்ட கரையில் கடற்பரப்பே வெளிச்சமாகத் தோன்றும். நாம் விளக்கேற்றினால் அவை வழிதவறி மாண்டுபோகும்.

அங்குள்ள ஆமைப் பாதுகாப்பு நிலையத்தார் முட்டைகளைக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். முன்னாளில் ஆமை முட்டையை விரும்பி உண்டவர் நம்மிலும் உண்டு. ஒரு முட்டை ஒருவேளை உணவு. கடலில் விட்டாலோ ஒரு தலைமுறை.

திரும்புகையில், எங்கள் மாணவி ஒருத்தி தன் நெகிழிப் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். கடலாமை அதனைச் சொறிமீன் என்றெண்ணி விழுங்கும் என்று கேட்டறிந்தவள் அவள். கரையில் நம் காலடி மட்டும் பதியட்டும். அதனையும் அடுத்த அலை அழித்துவிடும். பெற்றோர்களே, பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். காண்போர் காப்பர் அன்றோ?