பட்டுப்பூச்சியும் பாசியும்

உயிரியல் கற்கப் புகும் மாணவர் பட்டுப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தையும், பியூனேரியா என்னும் பாசியின் வாழ்க்கை வட்டத்தையும் பயில்வர். இரண்டிலும் ஓருயிரே வேறுவேறு வடிவங் கொள்வதாய்த் தோன்றுதலின், இரண்டும் ஒரு தன்மையனவே எனக் கருதுவாருமுளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முட்டையினின்று வெளிவரும் பட்டுப்புழு முசுக்கட்டை இலையைத் தின்று, நான்கு முறை தோல் கழற்றிப் பருத்து, நூற்கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகின்றது. கூட்டினுள்ளே பழைய இழையங்கள் பல சிதையப் புதிய உறுப்புக்கள் அமைகின்றன. ஈற்றில் வெளிப்படும் சிறகுடைய அந்து, உணவு கொள்ளாது, இனம்பெருக்கிச் சின்னாளில் மடியும். வடிவம் இத்துணை மாறினும், தாய்வழி 28உம் தந்தைவழி 28உமாகப் பெற்ற 56 நிறமூர்த்தங்களே புழுவுக்கும் அந்துக்கும் உரியன. ஆதலின், இஃது ஓருயிரின் உருமாற்றமேயாம்.

பாசியின் நிலை வேறு. ஈரமண்ணில் வளரும் அதன் பச்சை இலைச்செடி நிறமூர்த்தங்களின் ஒற்றைத் தொகுதியையே உடையது. ஆண்கலச்சனனியினின்று விடுபடும் விந்து நீர்ப்படலத்தில் நீந்திப் பெண்கலச்சனனியை அடைந்து முட்டையோடு கலக்கும். அதனாலுண்டாகும் நுகம் இரட்டைத் தொகுதியுடையது. அந்நுகமே தாய்ச்செடியின்மீது வளர்ந்து, நீண்ட காம்பும் நுனியில் வித்தியுறையுமாகின்றது. ஆகவே, காம்பும் உறையும் செடியின் உறுப்புக்களல்ல. தாயிடம் நீரும் உணவும் பெற்று வாழும் பிள்ளையே அவை. உறையினுள் ஒடுக்கற்பிரிவு நிகழ, ஒற்றைத் தொகுதியுடைய வித்திகள் மீண்டும் தோன்றும். இங்ஙனம் இருவகைச் சந்ததிகள் மாறிமாறி வருதலே சந்ததிப் பரிவிருத்தியாகும். இதனைப் பாசியிலும் பன்னத்திலும் ஒப்புநோக்கி 1851ஆம் ஆண்டில் விளக்கியவர் செருமானிய அறிஞர் ஹொவ்மைஸ்ரர்.

பட்டுப்பூச்சியிலும் ஒற்றைத் தொகுதி உண்டன்றோ எனின், உண்டு, ஆயின் அது முட்டை, விந்து என்னும் தனிக்கலங்களோடு அமையும், தனியுடலாய் வளர்வதில்லை.

அங்ஙனமாயின், புழு அந்தாவதற்கு நிகரான மாற்றம் பாசியில் இல்லையோ? உண்டு. வித்தி முளைத்தவுடன் இலைச்செடியாவதில்லை. முதலிற் பச்சை இழையாய்ப் படரும். அவ்விழையில் அரும்புகள் தோன்றிச் செடிகளாகும். இழையும் செடியும் ஒற்றைத் தொகுதியுடைய ஒரே சந்ததியின் இரு பருவங்களாம். ஒப்பிடத்தக்கது இம்மாற்றமே, காம்பும் உறையும் தோன்றுதலன்று.

பட்டு நூற்போர் கூட்டை வெந்நீரிலிடுங்கால், கூட்டுப்புழுவோடு வரவிருந்த அந்தும் மாய்கின்றது. பாசியின் காம்பைக் கிள்ளினாலோ, பிள்ளை மடியும், தாய் பிழைத்திருக்கும். எனவே, வாழ்க்கை வட்டமொன்றை ஆராயும் மாணவன், வடிவம் மாறிற்றா என்பதோடு அமையாது, நிறமூர்த்தத் தொகுதியும் மாறிற்றா என வினவுதல் வேண்டும். அவ்வினாவே உருமாற்றத்தையும் சந்ததி மாற்றத்தையும் பிரித்துக் காட்டும்.