இணைப்பு மாற்றினால் முதலிடம் கிடைக்குமா?



நம் தோட்டத்துக் குடும்பங்களில் முறுக்கு, அதிரசம், மசாலைத்தூள் முதலியவற்றைச் செய்து விற்பவர்கள் இப்போது தமக்கென ஓர் அகப்பக்கத்தை அமைத்துக்கொள்வதுண்டு. அமைத்த சில நாளில் ஒருவர் தொடர்புகொள்வார். "உங்கள் பக்கத்தை ஐந்நூறு அகப்பக்கங்களோடு இணைத்து விடுகிறோம். கூகளில் தேடினால் நீங்கள்தாம் முதலில் வருவீர்கள்" என்று சொல்லிப் பணம் கேட்பார். கொடுக்கலாமா? இதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில், இணைப்பு என்றால் என்ன? ஓர் அகப்பக்கத்தில் உள்ள சில சொற்களைத் தொட்டால் வேறோர் அகப்பக்கம் திறக்கிறதல்லவா? அந்த வழிதான் இணைப்பு.

அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற லேரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் 1998ஆம் ஆண்டில் கூகள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பலர் எடுத்துக்காட்டினால் அதன் மதிப்பு உயர்கிறது. அதுபோலவே, பலர் இணைப்புக் கொடுக்கும் பக்கமும் மதிப்புடையதாக இருக்கும் என அவர்கள் கருதினார்கள். இணைப்புக் கொடுப்பவரின் மதிப்பையும் கணக்கில் சேர்த்தார்கள். இன்று கூகள் வேறு பலவற்றையும் பார்க்கிறது. ஆயினும் இணைப்புக்கு இன்னும் இடமுண்டு.

ஒரு தையற்காரரைப் பற்றிப் பத்து வீட்டார் தாமாகவே நல்ல விதமாகச் சொன்னால் நாம் நம்புகிறோம். தையல் தெரிந்த ஒருவரே சொன்னால் இன்னும் அதிகமாக நம்புகிறோம். ஆனால் இரு கடைக்காரர்கள், "நீ என்னைப் புகழ்; நான் உன்னைப் புகழ்கிறேன்" என்று பேசி வைத்துக்கொண்டால், அந்தப் புகழ்ச்சிக்கு மதிப்புண்டா?

இணைப்பு மாற்றுவதும் இப்படிப்பட்டதே. முறுக்கு விற்கும் பக்கமும் டயர் விற்கும் பக்கமும் ஒன்றையொன்று காட்டுகின்றன. ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான இணைப்புகள் முளைக்கின்றன. தேடுபொறி இதைக் கண்டுகொள்ளாமல் இருக்குமா? முதலிடத்துக்காக இணைப்பை அளவுமீறி மாற்றுவதையும் விலைக்கு வாங்குவதையும் கூகளின் விதிகள் தவறென்கின்றன. 2012 ஏப்ரலில் இத்தகைய தந்திரங்களைப் பிடிப்பதற்கென்றே தன் கணக்கிடும் முறையை அது திருத்தியது. பிடிபட்ட இணைப்புக்குப் பயனில்லை; பக்கமும் கீழே தள்ளப்படலாம்.

அமெரிக்காவின் ஜே. சி. பென்னி என்னும் பெரிய அங்காடி பல பொருள்களுக்கான தேடலில் முதலிடத்தில் இருந்தது. அதற்குத் தொடர்பேயில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களிலிருந்து காசு கொடுத்துப் பெற்ற இணைப்புகளே காரணம் என்று 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. தனக்குத் தெரியாமல் நடந்ததாக நிறுவனம் கூறியது. ஆனாலும் கூகள் அதனைக் கீழே இறக்கிவிட்டது. நேயர்களே, கவனியுங்கள்: கூலிக்கு அமர்த்தியவர் செய்தாலும் இழப்பு நமக்குத்தான்.

அப்படியானால் எல்லா இணைப்பும் தவறா? இல்லை. நாம் மாவு வாங்கும் ஆலையை நம் பக்கத்தில் காட்டுகிறோம். ஆலைக்காரரும் நம்மைக் காட்டுகிறார். படிப்பவருக்கு அது பயன்படும். "தேடுபொறி என்று ஒன்று இல்லாவிட்டாலும் இந்த இணைப்பைக் கொடுப்போமா?" என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்போம் என்றால் தயங்க வேண்டியதில்லை.

பணத்தை இணைப்புக்குக் கொட்டாமல், என்ன செய்கிறோம், என்ன விலை, எந்த ஊருக்கு அனுப்புவோம் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். நம்மிடம் வாங்கிய சங்கமோ பள்ளியோ மனமுவந்து தன் பக்கத்தில் நம்மைக் குறிப்பிட்டால், அந்த ஓர் இணைப்பு விலைக்கு வாங்கிய ஐந்நூற்றைவிட மேலானது.