ஹார்மண்ட்ஸ்வொர்த் பெருங்களஞ்சியம்
முன்னாள் மிடில்செக்ஸ், இங்கிலாந்து. கட்டப்பட்டது: 1426 அளவில்

இக்களஞ்சியம் நிற்கும் மேனர் (நிலப்பிரபுவின் உடைமை) பண்ணையை 1391-இல் வின்செஸ்டர் ஆயர் வில்லியம் ஆஃப் விக்கம், தாம் நிறுவிய வின்செஸ்டர் கல்லூரிக்காக வாங்கினார். பண்ணை வருமானம் மாணவர்களின் படிப்புக்குப் போனது. சொந்த நிலத்தில் விளைந்த கோதுமை, பார்லி, ஓட்ஸ் கதிர்களைக் காக்கவே கல்லூரி இக்களஞ்சியத்தைக் கட்டியது. இது திருச்சபைக்குச் செலுத்தும் தசமபாகத்துக்கான கிடங்கு அன்று. பலரும் அப்படித் தவறாக எண்ணுவதுண்டு.

நீளம் ஏறத்தாழ 60 மீட்டர், அகலம் 12 மீட்டர். மூன்று பெரிய கதவுகளுக்கும் நேரே ஒவ்வொரு களம். அக்காலத்தில் வண்டிகள் அங்கே கதிரை இறக்கும். குளிர்காலம் முழுவதும் ஆட்கள் தடியால் அடித்துத் தானியம் பிரிப்பார்கள்.

அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் ஓக் மரச் சட்டங்களில் பெரும்பகுதி அன்று தச்சர்கள் ஏற்றி வைத்தவையே. மரத்தில் துளையிட்டு, கழுந்தைப் பொருத்தி, மர முளை அடித்து இறுக்கியிருக்கிறார்கள். தூண்களின் அடியையும் கவனியுங்கள்: ஈரம் ஏறி மரம் உளுக்காதிருக்க ஒவ்வொன்றையும் கல்மீது நிறுத்தியுள்ளனர். சுமார் 600 ஆண்டுகள் கடந்தும் அவை உறுதியாக நிற்கின்றன.

பண்ணையில் இருந்த இடைக்கால மேனர் வீடு இப்போது இல்லை. களஞ்சியம் 1970-கள் வரை வேளாண்மைக்குப் பயன்பட்டது. பின்னர் பராமரிப்பின்றிச் சீர்கெட்ட இதனை, 2012-இல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் நிறுவனம் வாங்கிப் பழுதுபார்த்தது.

தூண்களைத் தொட வேண்டாம்.