கறுப்புக் காயின் அரண்
அரசிக் காலாள் தொடக்கத்துக்கு ஓர் உறுதியான மறுமொழி

மதிலை வளைத்துப் பொருவோரின் மறத்தை உழிஞை எனவும், அம்மதிலை உள்ளிருந்து காப்போரின் மறத்தை நொச்சி எனவும் தனித்தனித் திணைகளாக வகுத்துக் கூறும் புறப்பொருள் வெண்பாமாலை. காத்தல் என்பது அஞ்சி ஒதுங்குதல் அன்று. அதுவும் வீரத்தின் ஒரு கூறே என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. சதுரங்கப் பலகையின் முன் அமரும் நம் மாணவர் உள்ளத்தில் இவ்வுண்மை நன்கு பதியவில்லை. வெள்ளைக் காய்கள் கிடைத்தால் மகிழ்கின்றனர்; கறுப்புக் கிடைத்தாலோ பாதி ஆட்டம் தோற்றவர் போல் முகம் வாடுகின்றனர். ஆயின், எந்தப் போட்டித் தொடரிலும் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களைக் கறுப்புக் காய்களோடுதான் ஆடவேண்டியுள்ளது. எனவே, கறுப்புக்கு உரிய உறுதியான தொடக்கம் ஒன்றை எங்ஙனம் கற்பது என்பதை இங்கே ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் இத்தொடக்கத்தின் முதற் பன்னிரண்டு நகர்த்தல்களையும் நெட்டுருப் பண்ணிக்கொண்டு போட்டிக்குச் சென்றான். திரும்பி வந்தவன் முகத்தில் தோல்வியினும் திகைப்பே மிகுந்திருந்தது. "சேர், அவன் புத்தகத்தில் உள்ளபடி ஆடவில்லை" என்றான். குற்றம் அவனுடையதன்று, நகர்த்தல்களைக் கற்பித்து, அவற்றின் காரணத்தைக் கற்பியாது விட்ட என்னுடையதே. இக்கட்டுரை ஒருவகையில் அவனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த விடையாகும்.

முதலிற் குறியீடுகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். அரசன், அரசி, கோட்டை, குதிரை, காலாள் என்னும் பெயர்கள் யாவரும் அறிந்தவை. மூலைவிட்டமாகச் செல்லும் காயை இங்கு மந்திரி என்கின்றோம். வெள்ளையின் பக்கமிருந்து நோக்குங்கால், இடமிருந்து வலமாக எட்டு நிரல்களும் ஏ, பி, சி, டி, ஈ, எவ், ஜி, எச் எனப் பெயர் பெறும். கீழிருந்து மேலாக நிரைகள் 1 முதல் 8 வரை எண் பெறும். வெள்ளை அரசியின் முன் நிற்கும் காலாள் இரு கட்டம் முன்னேறி நிற்கும் இடம் டி4 ஆகும்.

வெள்ளை முதல் நகர்த்தலாக டி4 ஆடுகின்றது என்க. ஈ4 கட்டத்துக்கு வரும் காலாள் காவலின்றி நிற்பது. டி4 காலாளுக்கோ பின்னால் நிற்கும் அரசி தொடக்கத்திலேயே காவல். ஆதலின், இவ்வகை ஆட்டங்களிற் போர் மெல்ல மூளும்; ஆனால் நெடிது நிற்கும். கறுப்பு டி5 என விடையிறுத்து, நடுவிடத்தில் தன் பங்கை நிலைநாட்டுகின்றது. அடுத்து வெள்ளை சி4 ஆடி, அக்காலாளைப் பலியாக நீட்டுகின்றது. இதுவே குயின்ஸ் கம்பிற் எனப்படும் தொடக்கம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கெற்றிங்கன் கையெழுத்துப் பிரதியிலேயே இது காணப்படுகின்றது.

நீட்டப்படும் இக்காலாள் உண்மையான கொடை அன்று. அதை வெட்டுதல் பிழையன்று; வெட்டியதை விடாது பற்றிக்கொள்ள முயல்வதே பிழை. கறுப்பு சி4 காலாளை வெட்ட, வெள்ளை ஈ3 ஆடுகின்றது. வெட்டிய காலாளைக் காக்கக் கறுப்பு பி5 ஆடினால், வெள்ளை ஏ4 ஆடித் தாக்கும். கறுப்பு சி6 ஆடித் தாங்கும். பி5 கட்டத்திற் காலாட்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அப்போது வெள்ளை அரசி எவ்3 கட்டத்துக்கு வந்து, திறந்துபோன மூலைவிட்டத்தின் வழியே ஏ8 மூலையில் உள்ள கோட்டையைக் குறிவைக்கும். கோட்டைக்கு ஒதுங்க இடமில்லை. அதைக் காக்கக் குதிரையையோ மந்திரியையோ இழக்க நேரும். ஒரு காலாளின் மேல் வைத்த பற்று ஒரு பெருங்காயைக் கொண்டுபோகின்றது.

நாம் கற்கவிருப்பது இக்கொடையை ஏற்காது மறுக்கும் முறை. டி5 காலாளை ஈ6 ஆடித் தாங்குகின்றோம். ஏன் மற்றொரு காலாளால் தாங்கவேண்டும்? தாங்காது விட்டால் வெள்ளை டி5 காலாளை வெட்டும். அதைக் கறுப்பு அரசியால் மீட்டால், சி3 கட்டத்துக்கு வரும் குதிரை அவளை விரட்டும். குதிரையால் மீட்டால், ஈ4 கட்டத்துக்கு வரும் காலாள் அதனை விரட்டும். இரு வழியிலும் நடுவிடம் வெள்ளையின் வசமாகும். காலாளால் மீட்கும்போதுதான் நடுவிடத்திற் கறுப்பின் பிடி தளராது நிற்கும்.

ஆயின் ஒவ்வோர் அரணுக்கும் ஒரு விலை உண்டு. ஈ6 காலாள் எவ்8 கட்டத்து மந்திரிக்கு வழி திறக்கின்றது. சி8 கட்டத்து மந்திரிக்கோ வழியை அடைத்துவிடுகின்றது. தன் காலாளே தன் மந்திரிக்குச் சிறையாகின்றது. இத்தொடக்கத்தைக் கற்போன் மறவாதிருக்க வேண்டிய ஒரே வினா இதுவே: "சி8 மந்திரியை எப்போது, எவ்வழியில் விடுவிப்பேன்?" இதற்கு விடை தெரிந்தவன் தொடக்கத்தை அறிந்தவன்; தெரியாதவன் நாற்பது நகர்த்தல்களை மனனஞ் செய்தும் அறியாதவனே.

இனி வழக்கமான வரிசையைக் காண்போம். மூன்றாவதாக வெள்ளை தன் குதிரையைச் சி3 கட்டத்துக்கும், கறுப்பு தன் குதிரையை எவ்6 கட்டத்துக்கும் கொண்டுவரும். நான்காவதாக வெள்ளை மந்திரி ஜி5 கட்டத்தில் வந்து நிற்கும். எவ்6 குதிரை விலகினால் பின்னுள்ள அரசி வெட்டுப்படுவாள். ஆதலின் டி5 கட்டத்தைக் காக்கும் அக்குதிரை கட்டுண்டு நிற்கின்றது. கறுப்பு தன் மந்திரியை ஈ7 கட்டத்தில் இருத்தி அக்கட்டை அவிழ்க்கின்றது. ஐந்தாவதாக வெள்ளை ஈ3 ஆட, கறுப்பு கோட்டை கட்டி அரசனைப் பாதுகாக்கின்றது. ஆறாவதாக வெள்ளையின் மற்றைக் குதிரை எவ்3 கட்டத்துக்கும், கறுப்பின் மற்றைக் குதிரை டி7 கட்டத்துக்கும் வரும். இவற்றுள் வீண் நகர்த்தல் ஒன்றேனும் இல்லை.

இவ்விடத்தில் மாணவர் விரும்பும் பொறி ஒன்றையும் கூறவேண்டும். நான்காம் நகர்த்தலில் மந்திரியை ஈ7 கட்டத்தில் வைக்காது, குதிரையை டி7 கட்டத்துக்குக் கொண்டுவந்தோம் என்க. வெள்ளை டி5 கட்டத்தில் வெட்ட, நாம் ஈ6 காலாளால் மீட்கின்றோம். எவ்6 குதிரை கட்டுண்டதென நம்பி, வெள்ளை தன் சி3 குதிரையால் டி5 காலாளையும் வெட்டும். கறுப்பு அஞ்சாது எவ்6 குதிரையால் அதனை வெட்டுகின்றது. வெள்ளை மந்திரி டி8 கட்டத்து அரசியைக் கவர்கின்றது. உடனே கறுப்பு மந்திரி பி4 கட்டத்துக்கு வந்து அரசனுக்குச் செக் கொடுக்க, வெள்ளைக்குத் தன் அரசியை டி2 கட்டத்தில் இடையே நிறுத்துவதன்றி வேறு வழியில்லை. கறுப்பு அரசியைத் திரும்பப் பெற்று, டி8 கட்டத்து மந்திரியையும் அரசனால் வெட்டியபின் எண்ணிப் பார்த்தால், ஒரு காலாளுக்கு ஈடாக ஒரு குதிரை மிகுதியாக இருக்கும். கட்டு என்பது முற்றான கட்டன்று என்பதை இப்பொறி உணர்த்துகின்றது. எனினும் எதிரி பிழைவிடுவான் என்னும் நம்பிக்கையின்மேல் ஓர் அரணைக் கட்டலாகாது. பொறியை அறிந்திருத்தல் வேண்டும். அதனையே நம்பியிருத்தல் ஆகாது.

மந்திரியை விடுவிக்கும் வழிகள் மூன்றினை அறிந்திருத்தல் போதும். முதலாவது வழி, 1921 முதல் 1927 வரை உலக வீரராக விளங்கிய கியூபா நாட்டுக் கபபிளாங்காவின் பெயரோடு இணைந்தது. ஏழாவதாக வெள்ளைக் கோட்டை சி1 கட்டத்துக்கு வர, கறுப்பு சி6 ஆடுகின்றது. எட்டாவதாக வெள்ளை மந்திரி டி3 கட்டத்துக்கு வந்த பின்னரே கறுப்பு சி4 காலாளை வெட்டும். முன்னரே வெட்டியிருந்தால் அம்மந்திரி ஒரே நகர்த்தலிற் சி4 கட்டத்தை அடைந்திருக்கும். இப்போது இருமுறை நகரவேண்டியதாயிற்று. காத்திருந்தமையாற் கறுப்புக்கு ஒரு நகர்த்தல் மிச்சம். அடுத்துக் கறுப்புக் குதிரை டி5 கட்டத்துக்கு வருகின்றது. ஈ7, ஜி5 மந்திரிகள் மாறுகின்றன. வெள்ளை கோட்டை கட்ட, சி3 கட்டத்திற் குதிரைகளும் மாறுகின்றன. பன்னிரண்டாம் நகர்த்தலாகக் கறுப்பு ஈ5 ஆடும்போது, சிறைக்கதவாய் நின்ற காலாள் தானே முன்னேறி வழிவிடுகின்றது. மாற்றங்கள் ஏன் என்பதையும் கருதுக. சிறிய வீட்டில் விருந்தினர் பலர் கூடினால் நெருக்கடி. சிலர் விடைபெற்றால் எஞ்சியோர் கைகால் நீட்டி இருக்கலாம். இடம் குறைந்தவனுக்குக் காய்மாற்றம் நன்மை தரும்.

இரண்டாவது வழி, 1894 முதல் 1921 வரை உலக வீரராக இருந்த இமானுவேல் லஸ்கரின் பெயரால் வழங்குவது. எச்6 ஆடி மந்திரியை எச்4 கட்டத்துக்கு ஒதுக்கியபின், எவ்6 குதிரையை ஈ4 கட்டத்துக்குப் பாய்ச்சிக் காய்மாற்றத்தை விரைவுபடுத்தல் இதன் இயல்பு. மூன்றாவது வழி தார்த்தக்கோவர் பெயர் தாங்கியது. பி6 ஆடி, மந்திரியைப் பி7 கட்டத்தில் இருத்தி, நீண்ட மூலைவிட்டத்தில் அதற்குப் பணி கொடுப்பது. முதலில் ஒரு வழியை நன்கு கற்று, பின்னரே மற்றையவற்றுக்குச் செல்லுதல் நன்று.

வெள்ளையே டி5 கட்டத்தில் முந்திக்கொண்டு வெட்டினால் யாது செய்வது? ஈ6 காலாளால் மீட்கின்றோம். மந்திரியின் சிறை தானாகவே திறக்கின்றது. ஆனால் வினா மாறுகின்றது. வெள்ளை தன் பி காலாளைப் பி4, பி5 என முன்செலுத்திக் கறுப்பின் சி6 காலாளை வலிகுன்றச் செய்ய முயலும். கறுப்பு வாளாவிருத்தலாகாது, பாதி திறந்த ஈ நிரலிற் கோட்டையை நிறுத்தி, குதிரையை ஈ4 கட்டத்தில் ஊன்றி, அரசன் பக்கத்திற் போரைத் தொடங்க வேண்டும்.

இத்தொடக்கம் பழமையானது என்பதாற் பயனற்றது என எண்ணற்க. 1927இல் புவனெஸ் அயர்ஸ் நகரிற் கபபிளாங்காவும் அலெக்கினும் உலகப் பட்டத்துக்காக ஆடிய 34 ஆட்டங்களுள் 32 ஆட்டங்கள் இத்தொடக்கத்திலேயே அமைந்தன. 25 ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. இருபெரு வல்லுநர் மாறிமாறி முற்றுகையிட்டும் அரண் எளிதில் வீழவில்லை என்பதற்கு இது சான்று. ஆயினும் வீழாத அரண் எங்கும் இல்லை. 1972இல் ரெய்க்யவிக் நகரில் ஆறாவது ஆட்டத்தில் ஸ்பாஸ்கி தார்த்தக்கோவர் வழியை மேற்கொண்டு பிஷரிடம் தோற்றார்.

கறுப்பின் பொறுமைக்குக் கிடைத்த பரிசுக்கு 2010ஆம் ஆண்டு சோபியா நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியைச் சான்று காட்டலாம். மயிலாடுதுறையிற் பிறந்த விசுவநாதன் ஆனந்தும் பல்கேரிய நாட்டுத் தொப்பலோவும் பதினொரு ஆட்டங்களின் முடிவிற் சமநிலையில் நின்றனர். பன்னிரண்டாவதாகிய இறுதி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். எதிரிக்கோ தன் நாட்டுத் தலைநகர். ஆனந்த் தேர்ந்தது லஸ்கரின் பழைய வழியை. குதிரை ஈ4 கட்டத்துக்குப் பாய்ந்தது, காய்கள் மாறின, சிறைப்பட்ட மந்திரி 19ஆம் நகர்த்தலிற் பி7 கட்டத்தை அடைந்தது. 31ஆம், 32ஆம் நகர்த்தல்களில் வெள்ளை அடுத்தடுத்துக் காலாட்களை வெட்ட, நீண்ட மூலைவிட்டம் முழுவதும் அம்மந்திரிக்குத் திறந்துவிட்டது. 46ஆம் நகர்த்தலில் ஜி2 கட்டத்தில் வெள்ளை அரசியை வெட்டியதும் அதே மந்திரியே. 56 நகர்த்தல்களில் ஆனந்த் வென்று பட்டத்தைக் காத்துக்கொண்டார். தொடக்கத்தில் அடைபட்டிருந்த காயே முடிவில் ஆட்டத்தை வென்று கொடுத்தது.

இனி என் மாணவனுக்கு உரிய விடைக்கு வருவோம். அவன் எதிரி சி4 ஆடவேயில்லை. மந்திரியை எவ்4 கட்டத்துக்குக் கொண்டுவந்து அமைதியாக நின்றான். நம் மாணவனோ பழக்கத்தின்படி ஈ6 ஆடித் தன் மந்திரியைத் தானே அடைத்தான். இறுதிவரை அது வெளிவரவில்லை. ஈ6 ஏன் ஆடுகின்றோம் என அவன் அறிந்திருப்பின், "டி5 காலாளைத் தாக்குவார் இல்லாதபோது அதற்கு இத்துணை விரைவில் தாங்கு எதற்கு? முதலில் மந்திரியை எவ்5 கட்டத்துக்கு வெளியே கொண்டுவந்து, பின்னர் ஈ6 ஆடலாமே" எனத் தானே கண்டிருப்பான். நூலில் இல்லாத நகர்த்தலை எதிரி ஆடும்போதுதான் நாம் கற்றது கல்வியா, வெறும் மனனமா என்பது புலனாகும். பரீட்சை மண்டபத்திலும் நிலை இதுவே.

ஆகவே கற்போர்க்கு ஒருசில சொல்வேன். ஒவ்வொரு நகர்த்தலின் காரணத்தையும் சொந்தச் சொற்களில் ஒரு வரியாக எழுதுக. எழுதவியலாத நகர்த்தலை ஆடற்க. ஒரே தொடக்கத்தைக் குறைந்தது இருபது ஆட்டங்களிலேனும் தொடர்ந்து ஆடுக. இரண்டு தோல்விகளின்பின் வேறொன்றைத் தேடி ஓடற்க. இக்காலத்திற் கணினி நொடிப்பொழுதில் நல்ல நகர்த்தலைக் காட்டிவிடும். அதனைக் கேட்குமுன் உம் மனத்தைக் கேளும். ஆட்டம் முடிந்ததும், வெற்றியாயினும் தோல்வியாயினும், சி8 மந்திரி எங்கே முடிந்தது என்று பாரும்.

திருக்குறளில் அரணின் சிறப்புகளைத் தொகுத்துரைக்கும் அதிகாரம், எத்துணை மாட்சியுடைய அரணாயினும் உள்ளிருப்போரிடம் செயல்திறம் இல்லையேல் அது இல்லாததே என்னும் கருத்தோடு முடிகின்றது. சதுரங்கத் தொடக்கத்துக்கும் இது முற்றும் பொருந்தும். அரணை நூல் தரலாம், ஆசிரியர் தரலாம். உள்ளிருந்து காக்கும் அறிவை மாணவன் தானே ஈட்டிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை கறுப்புக் காய்கள் உம் பக்கம் வருமாயின், முகம் வாடாது அமர்க.